மூடி போடாத கை

என் வீட்டில் திறந்து கிடக்கும் பாத்திரத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. உப்பு ஜாடிக்கு மூடி உண்டு, எண்ணெய்த் தூக்குக்கு மூடி உண்டு. மூடி உடைந்துபோனால் அதற்கு ஒரு தட்டு உண்டு. லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் பல்லிக்கும் எறும்புக்கும் குறைச்சல் இல்லை. மருமகள் வந்த புதிதில் அவளுக்கு நான் சொன்னது ஒன்றுதான். எடுத்தால் மூடு. அவளும் பிடித்துக்கொண்டாள். அவள் பவுடர் போட்டுக்கொண்டு போன பிறகு டப்பாவைப் பார்த்தால், கடையிலிருந்து வாங்கி வந்ததுபோல இருக்கும்.

அவள் நர்ஸ். எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான், நர்ஸ் படித்த பெண்ணை என் மகனுக்குத் தேடிப் பிடித்தேன். எங்கள் தெருவில் வெள்ளை யூனிபார்ம் காய்கிற கொடி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அதை நீலம் போட்டு அலசுவது நான்தான். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசி ரூம். காலையிலிருந்து வரிசையில் வருகிறவர்களுக்கு ஊசி போட வேண்டும். கை அவ்வளவு சுத்தம். குழந்தைகள் அழத் தொடங்குவதற்குள் போட்டு முடித்துவிடுவாள். ஆனால் அவளுக்கு அது போதவில்லை.

"ஊசி மட்டும்தானா அத்தை நான்? அடிபட்டு வர்றவங்களைப் பாக்கணும், உயிரைப் பிடிச்சு நிறுத்தணும். அதுக்குத்தானே படிச்சேன்" என்பாள்.

தொண்ணூறுகளில் பாதி தாண்டிய சமயம் அது. ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்கிற கேஷுவாலிடியைப் பெரிதாகக் கட்டினார்கள். அங்கே போக விரும்புகிற நர்ஸுகள் சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் க்ளாஸில் உட்கார வேண்டும், பிறகு செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாடம் எடுக்க ஒரு டீச்சர் வந்தாள். மங்களூர்ப் பக்கத்துப் பெண், என் மருமகளைவிடச் சின்னவள்.

"இத்தனை வருஷம் வேலை பாத்தவளுக்கு இனிமே என்ன க்ளாஸ்?" என்றேன்.

"எல்லாம் மாறிப்போச்சு அத்தை. புது மெஷின், புது மருந்து. படிக்கலைன்னா நின்ன இடத்துலயே நின்னுடுவோம்."

உற்சாகமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை முகம் செத்துப்போய் வந்தாள். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தாள்.

"செஞ்சு காட்டச் சொன்னாங்க. ஊசி நல்லாத்தான் போட்டேன். கடைசில கை தானா போய் மூடியை எடுத்து ஊசில மாட்டிடுச்சு."

"மூடறது நல்லதுதானே?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். குப்பை அள்ற ஆயாவுக்குக் குத்தக்கூடாதேன்னுதான் மூடுவோம். ஆனா மூடறப்ப தவறினா நம்ம விரல்ல குத்திடும் அத்தை. நோயாளி ரத்தத்துல இருக்கறது நமக்கு வந்துடும். இனிமே மூடவே கூடாதாம். போட்ட கையோட கெட்டி டப்பாவுல போட்டுடணுமாம்." தட்டைத் தள்ளி வைத்தாள். "சின்னப் பொண்ணுங்க சிரிச்சாங்க. அக்காவுக்கு மாமியார் ட்ரெயினிங், மறக்காதுன்னாங்க."

எனக்குச் சுருக்கென்றது.

"ஏன், என் ட்ரெயினிங்ல என்ன கொறை? உப்பைத் திறந்து வைக்கச் சொல்லு பாப்போம் அந்த டீச்சரை!"

டீச்சர் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தாள். மாதக் கடைசியில் ஊசி ரூமுக்கே வந்து நின்று பார்ப்பாள். அப்போதும் மூடினால் கேஷுவாலிடிக்கு வேறு ஆள். அவ்வளவுதான்.

மறுநாளே வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. ஊசிக்குப் பதில் பால்பாயிண்ட் பேனா. ஒரு வரி எழுதுவாள், மூடியை மாட்டிவிடுவாள், தலையில் அடித்துக்கொள்வாள். கடைசியில் வீட்டிலிருந்த பேனா மூடிகளையெல்லாம் பொறுக்கி நானே வெளியே எறிந்தேன். நான் எறிந்தேன் என்பதை இன்றைக்கும் என் மகன் நம்பமாட்டான். அவன் பஸ் கண்டக்டர். சட்டைப் பையில் மூடி இல்லாத பேனாவோடு போய், நெஞ்சில் நீலக் குளம் கட்டிக்கொண்டு திரும்பினான்.

"அவ பாஸாகறதுக்கு என் காக்கிச் சட்டை என்ன பாவம் பண்ணிச்சு?"

"சட்டையை நான் தொவைக்கிறேன். நீ பேசாம இருடா."

மூடி இல்லாதபோதும் அவள் கை சும்மா இருக்கவில்லை. இடது கை காற்றில் மூடியைத் தேடியது. யோசித்துப் பார்த்து அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஊசி ரூமில் அந்தக் கெட்டி டப்பா சுவர் ஓரத்தில் இருக்கிறது, நோயாளியோ நாற்காலியில். அவ்வளவு தூரம் போவதற்குள் கை பழைய வேலையைச் செய்துவிடுகிறது.

"ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடியே டப்பா பக்கத்துல வந்துடணும்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு இப்பத்தான் ஒறைக்குது. ஒரு டின் குடுங்க அத்தை."

பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் நான் அரிவாள்மனை முனையால் ஒரு வாய் வெட்டிக் கொடுத்தேன். அவள் எங்கே உட்கார்ந்து எழுதினாலும் முதலில் டின் வரும், பிறகு பேனா. எழுதி முடித்தால் டக்கென்று உள்ளே. பால் கணக்கு, மளிகைச் சீட்டு எல்லாவற்றுக்கும் அந்த டக் சத்தம் கேட்டது. கேட்கக் கேட்க எனக்கே நிம்மதியாக இருந்தது.

மாதக் கடைசியில் அந்த டின்னைத் துடைக்கப் போய், வெட்டிய விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மருமகள் கழுவிக் கட்டுப் போட்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. தகரம் கிழிச்ச காயம், டி.டி. ஊசி போட்டுடறேன்."

"நாளைக்கு டீச்சர் வர்ற நாளாச்சே."

"வரட்டும். ஊசி ரூமுக்கு நோயாளி வேணாமா?"

நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் மூலையில் நின்றிருந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. மருமகளும் சொல்லவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து என் நாற்காலி அருகே ஸ்டூலில் வைத்தாள். மருந்தை இழுத்தாள், கையைத் துடைத்தாள். குத்தியது தெரியவில்லை.

"அஜ்ஜி, நோவாயித்தா?" என்று டீச்சர் கன்னடத்தில் கேட்டாள். வலித்ததா என்று கேட்டது சரி. கிழவி என்று கூப்பிட்டதற்கு ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் தட்டில் மூடி தனியாகக் கிடப்பது கண்ணில் பட்டது. மருமகள் கையில் திறந்த ஊசி. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் கை போய் அந்த மூடியை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டது.

அவள் இடது கை எழும்பியது.

"கையைக் கீழ போடுங்கம்மா" என்றாள்.

அத்தை என்று சொல்லவில்லை. அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதே இல்லை. என் கை தானாக மடியில் விழுந்தது. டப்பாவுக்குள் டக்கென்று சத்தம் கேட்டது.

டீச்சர் சிரித்துவிட்டாள். "நோயாளியே மூடி குடுத்தாலும் வாங்கல. இதுக்கு மேல என்ன பரீட்சை வைக்கிறது?" என்றாள், உடைந்த தமிழில்.

அடுத்த மாதம் கேஷுவாலிடியில் சேர்ந்தாள். அங்கேயும் நிறுத்தவில்லை. நெஞ்சுத் துடிப்பு காட்டும் மெஷினைப் பார்க்கப் படித்தாள், வேறு என்னென்னவோ படித்தாள். வருஷங்கள் போய், சனிக்கிழமை க்ளாஸில் டீச்சர் நின்ற இடத்தில் அவள் நிற்கிறாள். புதிதாக வருகிற பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்வாளாம். ஒரு நோயாளி மூடியை எடுத்து நீட்டினார்கள் என்று.

"ஒரு நோயாளி என்ன ஒரு நோயாளி? எங்க மாமியார்னு சொல்றதுதானே?" என்று கேட்டேன்.

"நோயாளி யாருன்னு நாங்க வெளில சொல்லக்கூடாது அத்தை. அதுவும் பாடத்துல இருக்கு."

அவள் சொல்லமாட்டாள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த நோயாளி நான்தான்.