சகலையின் வண்டி

சிபிச்சன் என் சகலை. என் மனைவி ஜெஸ்ஸம்மாவின் தங்கையைக் கட்டியவன். காஞ்ஞிரப்பள்ளி டவுனில் ஒரு பேக்கரியில் பன்னும் ரஸ்க்கும் சுடுவது அவன் வேலை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நானோ அரசுப் பள்ளியில் எழுத்தர். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு இன்றும் மனசு வராது. ஆனாலும் எட்டு வருஷமாக நான் நினைக்காத நாளில்லை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதன் அவன்தான்.

மாமனார் பழைய ரப்பர் மரங்களை வெட்டி விற்று, இரண்டு மகள்களுக்கும் சரிசமமாகக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு கார் வாங்கினோம். ஒரே ஷோரூம், ஒரே நாள், ஒரே வெள்ளை. சர்ச் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினோம். பாதிரியார் அச்சன் ஒரே கிண்ணத்துத் தண்ணீரை இரண்டு வண்டிக்கும் தெளித்தார். அன்று யாராவது பார்த்திருந்தால் எது எவனுடையது என்று சொல்லியிருக்க முடியாது.

நான் சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லை. கார் என்றால் ஒருநாள் விற்க வேண்டிய பொருள். புதுசு குலையாமல் வைத்திருப்பவனுக்குத்தான் விலை. இது எனக்குத் தெரியும், அந்த ரஸ்க்குக்காரனுக்குத் தெரியாது.

அவன் அடுத்த மாதமே ஆரம்பித்துவிட்டான். கம்பெனி சக்கரத்தைக் கழற்றி வெள்ளியாய் மின்னும் அலாய் வீல் மாட்டினான். ஓணத்துக்கு ஒரு பாட்டுப் பெட்டி, டிக்கி நிறைய ஸ்பீக்கர். கிறிஸ்துமஸுக்குச் சிவப்புத் தோல் சீட், கால் வைக்கும் இடத்தில் நீல விளக்கு. ஈஸ்டருக்குப் பின்பக்கம் டிக்கி மேல் வால் மாதிரி ஒரு ஸ்பாய்லர். அடுப்புச் சூட்டில் வெந்து சம்பாதிப்பதையெல்லாம் அந்த வண்டிக்கே தின்னக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குர்பானா பூசை முடிந்தால் பையன்கள் அதைச் சுற்றி மொய்ப்பார்கள். என் வண்டி மேல் காக்காய் உட்கார்ந்திருக்கும்.

"சேட்டா, அந்தக் கவர இன்னும் கிழிக்கலியா? முட்டாயத் தாளோட தின்ன மாதிரி இருக்குமே!" என்பான் எல்லோர் முன்னிலும்.

"ஆடுடா, ஆடு. விக்கும்போது தெரியும்டா" என்பேன் நான்.

மாமனார் வீட்டில் மீன் கறியும் கப்பைக்கிழங்கும் சாப்பிடும்போது சொன்னேன். மைத்துனி பிரசவித்துக் கிடந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்கூடச் சொன்னேன். எனக்கு அது ஜெபம் மாதிரி ஆகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணப் பெண்ணை ஏற்றிவர ஊரில் எல்லோரும் அவன் வண்டியைத்தான் கேட்டார்கள். என் மகள் அலீனா முதல் குர்பானா, அதாவது புதுநன்மை, வாங்கிய நாளில், வெயிலில் என் சீட்டின் பிளாஸ்டிக் சூடேறி அவள் தொடையில் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக் கவுனோடு அழுதுகொண்டே இறங்கியவள், "நான் சித்தப்பா வண்டில வர்றேன்" என்று ஓடினாள். ஜெஸ்ஸம்மாவும் அவள் பின்னால் போனாள். நான் மட்டும் பிளாஸ்டிக்கில் சறுக்கியபடி தனியாக ஓட்டிவந்தேன். முன்னால் போன வண்டியிலிருந்து பாட்டு கேட்டது, நடுவில் என் பெண்டாட்டியின் சிரிப்பும்.

யாருக்கும் சொல்லாத ஒன்றும் உண்டு. ஒருமுறை கோட்டயத்துக்குப் போனவன் ஒரு கடைக்குள் நுழைந்து, சிபிச்சன் போட்டிருந்த அதே சக்கரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தேன். "மாட்டிடலாமா சார்?" என்று கடைக்காரன் கேட்டான். 'விக்கும்போது தெரியும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன மாதம் சிபிச்சன் காரை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. சொந்தமாகப் பேக்கரி போடுகிறானாம், சரக்கு ஏற்ற ஒரு வேன் வேண்டுமாம். எனக்கு என் காரை விற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எட்டு வருஷம் காத்திருந்தவன் அந்த நாளை விடுவேனா?

"நானும் குடுத்துடறேன்டா. உன் வண்டியையும் இங்கேயே கொண்டா. ஒரே எடத்துல காட்டிடலாம்" என்றேன்.

"சேட்டன் கூட இருந்தா எனக்குத் தைரியம்" என்றான் அந்த அப்பாவி. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை என் முற்றத்தில் இரண்டு வண்டியும் நின்றன. தரகர் பாப்பி வந்தார். வாங்க வந்தவன் நிஷாத், ஷார்ஜாவிலிருந்து திரும்பியவன், தொடுபுழாக்காரன். கூடவே மனைவி ஷெமீனா. இருவரும் நேராகச் சிபிச்சன் வண்டியிடம்தான் போனார்கள். வழக்கம்தானே. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாப்பி கதவு ஓரத்து அட்டையை விலக்கிப் பார்த்தார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். பின்பக்க வாலை விரலால் தட்டினார்.

"கதவுல ஓட்ட போட்டிருக்கு. வயரெல்லாம் அறுத்து அறுத்து ஒட்டிருக்கு. வால் வச்ச எடத்துல துரு" என்றார். "சிபி, உன் ஆசைக்கு நீ செலவு பண்ணுன, சரி. வர்றவன் எதுக்குடா உன் ஆசையையும் சேத்து வாங்கணும்?"

"எவ்ளோ அழகா இருக்கு பாப்பிச்சேட்டா!" என்றான் சிபிச்சன்.

"அழகுதான். ஆனா எங்க எங்க வயர் ஒட்டிருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் நிஷாத். "மழைல நட்டநடு ரோட்டுல நின்னா நான்தானே எறங்கித் தள்ளணும்?"

பிறகு என் வண்டிக்கு வந்தார்கள். சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி நீட்டினேன். பாப்பி பிளாஸ்டிக் உறையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "இப்பிடி ஒரு வண்டிய நான் இதுவரைக்கும் பாக்கல. கேக்குற வெலையக் குடுக்கலாம்." நிஷாத் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டான். சிபிச்சனுக்குச் சொன்ன விலை அதைவிட ஒரு லட்சம் குறைவு.

எட்டு வருஷத்து எரிச்சல் ஒரு நிமிஷத்தில் குளிர்ந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். வேனுக்கு அந்தப் பணம் பத்தாது என்று அவன் முகமே சொன்னது. நான் அந்த முகத்தைத் திருப்தியாகப் பார்த்தேன். பாவம் என்றே தோன்றவில்லை.

"ஒரு அரை மணிநேரம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆட்டோவில் திரும்பி வந்தான், ஏழெட்டு மைதா சாக்குகளோடு. ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கம்பெனி சக்கரங்கள் நாலு, கம்பெனிப் பாட்டுப் பெட்டி, கம்பெனி சீட் துணி. எட்டு வருஷம் பரணில் கிடந்தும் துளி தூசி இல்லை.

"இதெல்லாம் எதுக்குடா வச்சிருந்த?" என்றேன்.

"சேட்டன்தானே விக்கும்போது தெரியும், விக்கும்போது தெரியும்னு சொல்லிட்டே இருந்தீங்க! எனக்குப் பயம் வந்துடுச்சு. கழட்டுனது ஒண்ணையும் தூக்கிப் போடல."

பாப்பி சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தால் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். என் வண்டிக்குச் சொன்ன விலையில், ஓட்டைக்கும் துருவுக்கும் வயருக்கும் ஐம்பதாயிரம் மட்டும் குறைத்தார்.

அப்போதுதான் ஷெமீனா நிஷாத்தின் காதில் ஏதோ சொன்னாள். அவன் சிபிச்சனிடம் கேட்டான்: "கழட்டுற வீலு, பாட்டு செட்டு, செவப்பு சீட்டு, எல்லாத்தையும் எங்களுக்குத் தர்றீங்களா? இந்த வண்டில மாட்டிக்கிறோம்."

இந்த வண்டி என்றால் என் வண்டி.

விலை பேசி முடித்தார்கள். குறைந்த ஐம்பதாயிரம் சிபிச்சனுக்கு அதிலேயே வந்துவிட்டது. என் முற்றத்தில், என் பலா மரத்தின் நிழலில், அவனே ஜாக்கி வைத்து என் வண்டியைத் தூக்கினான். இந்தமுறை ஒரு வயரைக்கூட அறுக்கவில்லை, ஒரு துளைகூடப் போடவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன். அவன் சீட்டைத் தொடும் முன் ஷெமீனா குனிந்து முன் சீட்டின் பிளாஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். டர்ர்ரென்று கிழிந்தது. எனக்கு என் சட்டையைக் கிழித்த மாதிரி இருந்தது.

உள்ளே சாம்பல் நிறத் துணி, நீலக் கோடு போட்டது. கோடு இருப்பதே எனக்குத் தெரியாது.

"உக்காந்து பாருங்க சேட்டா" என்றான் நிஷாத் மரியாதையாக. உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். பிறகு, சிவப்பு உறை மாட்ட வேண்டும் என்று சிபிச்சன் நின்றதால், இறங்கிக்கொண்டேன்.

மதியத்துக்குள் என் வண்டி தயாராகிவிட்டது. வெள்ளை உடம்பு, வெள்ளிச் சக்கரம், சிவப்பு சீட்டு. துரு இல்லை, வால் இல்லை, ஒரு கீறல் இல்லை. சிபிச்சன் வண்டி ஒருநாளும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எட்டு வருஷம் கழுவித் துடைத்த என் சொந்த வண்டியைப் பார்த்து.

டியூஷன் முடிந்து வந்த அலீனா கேட்டருகிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ, எவ்ளோ சூப்பரா இருக்கு! யாரோட வண்டிப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் நிஷாத் பாட்டைப் போட்டான். வண்டி கேட்டைத் தாண்டியது. மைதா சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்ட சிபிச்சன், "நாளைக்கு குர்பானாவுக்கு எப்பிடிப் போவீங்க சேட்டா? சாயந்திரமே வேன எடுத்துடுவேன். ஒம்போது மணிக்குக் கொண்டு வர்றேன், எல்லாரும் சேந்து போலாம்" என்றான்.

ஜெஸ்ஸம்மா வாசற்படியில் நின்று, வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நல்ல வெல கெடைச்சுதுல்ல?" என்றாள்.

"கெடைச்சுது" என்றேன். கீழே கிடந்த பிளாஸ்டிக் உறையை மடித்துக் கையில் வைத்திருந்தேன்.