ஐந்தாவது வரி

போன செவ்வாய்க்கிழமை திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நான் காப்பியடித்தேன். ஐம்பத்தொன்பது வயதில். யாரைப் பார்த்து என்றா கேட்கிறீர்கள்? பார்த்து இல்லை... கேட்டு.

முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தேவராஜ். என் மனைவியின் தங்கை கணவர். பாகாலாவில் உரக்கடை வைத்திருக்கிறார். எனக்குச் சுகர் வந்த அதே வருஷம் அவருக்கும் வந்தது. ஒற்றுமை அதோடு சரி. நான் சோற்றைக் குறைத்தேன், தினமும் காலையில் நடக்கிறேன், மாம்பழ சீசனில் சித்தூர் மார்க்கெட் பக்கமே தலை வைப்பதில்லை. அவரோ, "ஒண்ணே ஒண்ணு துன்னா இன்னா ஆயிடும் சகல?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவதை எடுப்பார்.

ஆனால் இடது கண்ணில் ரத்தம் கசிந்து பாதிப் பார்வை போனது யாருக்கு? எனக்கு. இந்தப் பத்தியை எழுதுவது, உங்கள் கடிதங்களைப் படிப்பது எல்லாமே மிச்சமிருக்கும் வலது கண்ணால்தான். அவருக்கோ இரண்டு கண்ணும் ஜோர். வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

செக்கப்புக்கு இரண்டு பேரும் ஒரே ரயிலில் போவோம். நான் சித்தூரில் ஏறுவேன், அவர் பாகாலாவில். அன்றைக்கு முறுக்குப் பொட்டலத்தோடு ஏறி, திருப்பதி வரை நொறுக்கிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் எழுத்து படிக்கும் அறை. சுவரில் தெலுங்கு எழுத்து அட்டை. மேலே பெரிசு, கீழே போகப் போகப் பொடிசு. முதலில் அவர் உட்கார்ந்தார், பின்னால் பெஞ்சில் நான். ஐந்தாவது வரியை, "ர, ப, வ, ந, க" என்று கடகடவென்று படித்தார். "சூப்பர் அங்கிள்" என்றாள் பரிசோதித்த பெண். திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள்... பற்றிக்கொண்டு வந்தது.

என் முறை. இடது கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது வரியிலேயே எறும்பு ஊர்ந்தது. நான்காவது, சுத்தமாகத் தெரியவில்லை.

"அஞ்சாவது லைன் ஏதாச்சும் தெரியுதா சார்? தெரியலன்னா விட்டுடுங்க."

விடுவேனா? வாய் தானாகச் சொன்னது – ர, ப, வ, ந, க.

"போன தடவைக்கு ரெண்டு லைன் ஜாஸ்தி சார்" என்று குறித்துக்கொண்டாள். சகலையின் சிரிப்பு நின்றது. அந்த ஒரு நிமிஷம் – மறைப்பானேன் – எனக்குப் பரம சுகம்.

சொட்டு மருந்து, ஸ்கேன் எல்லாம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயசு. தெலுங்கும் தமிழுமாகப் பேசுவார். சகலையிடம், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். என் பக்கம் ஸ்கிரீனைத் திருப்பினார்.

"இங்க சூடண்டி, பாருங்க சார். சுகரால சின்னச் சின்ன ரத்தக் குழாய் அடைபட்டுப் போச்சு. அங்க இருக்கிற செல்லுக்கு ஆக்ஸிஜன் பத்தல. அது சும்மா இருக்காது. எனக்குப் பத்தல, எனக்குப் பத்தலன்னு ஒரு புரோட்டீனை வெளிய விடும். வி.ஈ.ஜி.எஃப்.னு பேரு. அது பக்கத்து ரத்தக் குழாய்ல போய் ஒட்டினா, அந்தக் குழாய் புதுசு புதுசா கிளை விடும்."

"நல்லதுதானே டாக்டர்?"

"எங்க நல்லது? அவசரத்துல வளர்றது, வீக்கா இருக்கும். கசியும், உடையும். உங்க லெஃப்ட் கண்ல நடந்தது அதான். நாம போடற ஊசி, அந்தப் புரோட்டீனைக் குழாய்கிட்ட போக விடாம நடுவுலயே பிடிச்சுக்கும்."

பத்தல பத்தல என்று கூப்பாடு போட்டு, வேண்டாததை எல்லாம் வரவழைத்து, கடைசியில் இருக்கிற கண்ணையும் கெடுத்துக்கொள்ளும் ஒரு செல். ரொம்பத் தெரிந்த ஆள் போல இருந்தது.

டாக்டரம்மா என் ஃபைலைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "ரைட்லயும் இப்ப ஆரம்பிக்குது. ஆனா அஞ்சாவது லைன் வரைக்கும் படிச்சிருக்கீங்களே... பார்வை இவ்வளவு நல்லா இருந்தா, ரெண்டு மாசம் பார்த்துட்டு அப்புறம் ஊசி போடலாமா?"

ஊசி இல்லை. அதாவது, சகலையும் நானும் சமம். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு மாதத்தில் இந்தக் கண்ணிலும் உடைந்தால்? பக்கத்து நாற்காலியில் அவர்.

"டாக்டர்... அந்த வரி நான் படிச்சது இல்ல. இவர் படிச்சதைக் கேட்டுச் சொன்னேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேறு எழுத்து அட்டை கொண்டுவரச் சொன்னார். இரண்டே வரி படித்தேன். அன்றைக்கே ஊசி.

கண்ணில் பிளாஸ்திரியோடு வெளியே வந்து உட்கார்ந்தேன். ரயில் பாகாலா போய்ச் சேருவதற்குள் என் மானம் சொந்தபந்தம் முன்னால் கப்பலேறிவிடும் என்பது நிச்சயம். நான் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தானே செய்திருப்பேன்? சகலையின் போன் அடித்தது. என் மனைவி. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இல்லக்கா, பயப்பட ஒண்ணும் இல்ல. முன்னாடியே ஒரு ஊசி போட்டுக்கினா நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க, போட்டுக்கினாரு. நல்லாத்தான் படிச்சாரு. நானே சித்தூர் வரைக்கும் கூட்டிக்கினு வந்து உட்டுட்டுப் போறேன்."

கண்தான் என்னைவிட நல்ல கண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனசுமா? ஒரே ஆள்மேல் நான் எத்தனைக்குத்தான் பொறாமைப்படுவது?