போதும் டாக்டர்

ஷரோல்தாவை எங்கள் ஆய்வகத்தில் 'போதும் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவோம். படிப்பை முடித்த நாளிலிருந்து அவள் தேடியது ஒரே ஒரு பொருளை. வயிறு நிறைந்ததும் மூளையில் சுரந்து, 'போதும், கரண்டியைக் கீழே வை' என்று சொல்லும் ஒரு குட்டி ஹார்மோன். அதைத் தேட அவளுக்குக் கிடைத்த ஊர் ஹங்கேரியின் செகெட். இங்கே விருந்தாளி இரண்டாவது தட்டை மறுத்தால் வீட்டுக்காரி பேச்சையே நிறுத்திவிடுவாள்.

எங்கள் இயக்குநர் ஒடோன் அந்த ஹார்மோனை நம்பவே இல்லை.

"டாக்டரம்மா, ஹங்கேரிக்காரன் மண்டையில அப்படி ஒண்ணு இருந்தா எனக்கு இந்தத் தொப்பை எப்படி வந்துச்சு?"

மார்ச் மாதத்துக்குள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டாவிட்டால் அவளுடைய மேசையைத் தைராய்டு ஆராய்ச்சிக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஆள் நாள் முழுக்க விசிலடிப்பான். பக்கத்து மேசைக்காரியான நான் அன்றைக்கே காதில் வைக்கப் பஞ்சு வாங்கினேன்.

ஷரோல்தா கசாப்புக் கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு பெரிய தட்டு நிறையப் பன்றி மூளை வாங்கி வந்தாள். காலையில் அறுக்கலாம் என்று ஆய்வகத்துக் குளிர் அறையில் வைத்தாள். மறுநாள்தான் எங்கள் வருடாந்திரப் பன்றி விருந்து. விருந்துக்கான இறைச்சியும் அதே அறையில் இருந்தது. இயக்குநரின் டிரைவர் டெஜோ மாமாதான் சமையல். குளிர்காலம், பன்றி விருந்து, கண்ணெதிரே தட்டு நிறைய மூளை. எந்த ஹங்கேரிக்காரனுக்குச் சந்தேகம் வரும்? முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயம் போட்டு வறுத்துவிட்டார்.

கையுறையோடு ஓடி வந்த ஷரோல்தா, "மாமா, என் தட்டு எங்க?" என்றாள்.

"உக்காருங்க டாக்டரம்மா, உங்களுக்கும் எடுத்து வெச்சிருக்கேன். சூடா இருக்கு."

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. விஷயம் புரிந்ததும் ஒடோன் தின்பதை நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் ரொட்டியால் தட்டை வழித்தார்.

"பாருங்க டாக்டரம்மா, உங்க 'போதும்' ஹார்மோனைத் தட்டுத் தட்டா தின்னிருக்கேன். இன்னும் பசிக்குது. ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு!"

கூடமே சிரித்தது.

"வயித்துக்குப் போனா அது வெறும் சாப்பாடு, செரிச்சுடும் புரொபசர்," என்றாள் ஷரோல்தா. "மூளைக்குப் போகணும். உங்களுக்கு வாயிலேருந்து மூளைக்குப் பாதையே போடல."

சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வெளியே போய் அவள் அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கசாப்புக் கூடத்தில் மறுபடி தரமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். டெஜோ மாமாவுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. சனிக்கிழமைதோறும் இயக்குநரின் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு, எந்தக் கிராமத்தில் பன்றி அடிக்கிறார்களோ அங்கே போய் நிறுத்தினார். மூளை வீட்டுக்காரிகளுக்குச் செல்லப் பண்டம், லேசில் தரமாட்டார்கள்.

"முழுசும் வேண்டாங்க்கா. அடியில சுண்டைக்காய் அளவு போதும்," என்பாள் ஷரோல்தா.

"அதுல என்னடி இருக்கு?"

"போதும்னு சொல்ற சமாச்சாரம்."

"அப்போ நீ எடுத்தது போக மிச்சத்தை என் புருஷனுக்குத் தரமாட்டேன். ஏற்கெனவே அந்தாளுக்கு நிறுத்தத் தெரியாது!"

ஷரோல்தா முற்றத்திலேயே அறுத்து, ஐஸ் பெட்டியில் போடுவாள். ஆனால் எந்த வீடும் எங்களைச் சும்மா விடவில்லை. முதலில் பிளம் சாராயம், பிறகு ரத்த சாசேஜ், பிறகு முட்டைக்கோஸ். "போதும்" என்று அவள் சொல்லச் சொல்ல அகப்பை இறங்கிக்கொண்டே இருந்தது. ஹார்மோன் சேரச் சேர, அவளுடைய வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள் மாட்ட மறுத்தன.

மார்ச் வந்தது. பட்டினி போட்ட எலிகளில் பாதிக்கு அவள் பிரித்தெடுத்த சாறு, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர், இரண்டும் நேராக மூளைக்குள். ஊசி போட்டது நான். எதற்கு எது என்று அவளுக்கே தெரியாது. ஒடோன் நம்பிக்கையில்லாமல் தன் வீட்டு சாசேஜைத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். எலித் தீனியை எலி மறுப்பதில் என்ன அதிசயம், இதை மறுக்கட்டும் பார்க்கலாம் என்றார்.

உப்புத் தண்ணீர் எலிகள் பாய்ந்து தின்றன. மற்றவை மோந்து பார்த்தன, திரும்பிக்கொண்டன, சாவகாசமாக முகம் கழுவின. ஒடோன் இன்னொரு துண்டை நீட்டினார். கூண்டைத் தட்டினார். கொஞ்சினார். "தின்னுடா தங்கம், நல்ல மிளகாய்ப்பொடி போட்டது..." எலி அவருக்கு முதுகைக் காட்டியது.

ஷரோல்தா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.

ஒடோன் நீட்டிய துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு, "மேசை உங்களோடதுதான் டாக்டரம்மா," என்றார். சொல்லிக்கொண்டே, எலி வேண்டாமென்ற அந்தத் துண்டைத் தன்னையறியாமல் வாயில் போட்டு மென்றார்.

"எழுதிக்கோ கிசெல்லா," என்றாள் ஷரோல்தா என்னிடம், கண்ணைத் துடைத்தபடி. "வாய் வழியாப் போனா வேலை செய்யாது."