ரூலீன் கல்லெறியும் ஏரி

கல்லை எறிந்துவிட்டு ரூலீன் காதைச் சாய்த்துக் கேட்கிறாள். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். கோட்டுப் பையிலிருந்து இன்னொரு கல்லை எடுத்து, இன்னும் கொஞ்சம் தள்ளி எறிகிறாள். அதுவும் ‘ப்ளக்’. முகம் தொங்கிப்போகிறது. படகுத்துறைப் பலகைகள் தடதடக்க ஓடிவந்து, பின்கதவைத் திறந்து, காபி ஊற்றிக்கொண்டிருக்கும் மார்லிஸிடம் செய்தி வாசிப்பவளைப் போல அறிவிக்கிறாள்:

“இன்னும் தண்ணிதான்.”

“ஏரின்னா தண்ணியாத்தான் இருக்கும் கண்ணு. இந்தக் குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போகக் கூடாதா?”

“காதை மூடினா எப்படிக் கேக்குறது?”

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்கே, லூன் ஏரிக்கரையில் இருக்கிற லுண்டீன் வீட்டில் செப்டம்பர் கடைசியிலிருந்து தினமும் இதே கூத்துதான். அப்போது மேப்பிள் இலைகூட முழுதாகச் சிவந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் நானூறு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற மார்லிஸுக்கு எந்தப் பிள்ளையின் கிறுக்கும் புதிதில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து அந்த ஏரிக்கரையிலேயே இருக்கும் அவள், ஏரி உறைய வேண்டுமென்று தவம் கிடக்கும் ஒரு ஜீவனை இப்போதுதான் பார்க்கிறாள். அவளைப் பொறுத்தவரை ஏரி உறைந்தால் ஹீட்டர் செலவு, வழுக்கும் வாசல், ஏப்ரல் வரைக்கும் ஈரக் காலணி.

ரூலீனுக்குப் பதினேழு வயது. நெதர்லாந்தில் கிரோனிங்கன் பக்கத்துச் சின்ன ஊர். மாணவர் பரிமாற்றத்தில் ஆகஸ்டில் வந்தாள். மார்லிஸின் மகள் ப்ரிட்டாவோடு ஒரே வகுப்பில் படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முன் ஊர் திரும்ப வேண்டும். சமையலறை நிலையில் தலை இடிக்கிற உயரம். காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் தூளைக் கொட்டிச் சாப்பிடுவாள். அது தீர்ந்துபோனால் ஊரிலிருந்து அம்மா பெட்டியில் அனுப்புவார். மழையோ காற்றோ, பள்ளிக்கு சைக்கிள்தான். ப்ரிட்டாவின் அப்பா டுவைன், கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவர், தன் பிக்கப் வண்டியை அவள் பக்கத்திலேயே நத்தையாக ஓட்டிக்கொண்டு கெஞ்சுவார்: “ஏறிக்கம்மா, பாக்குறவங்க என்னைத் திட்டுவாங்க.” அவள் நனைந்த முகத்தோடு சிரிப்பாள். “நான் என்ன சர்க்கரையா, கரையறதுக்கு?”

அவளுக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது. மினசோட்டாக்காரர்கள் நேர்மாறு. பசியில் உயிர் போனாலும் சாப்பாட்டை இரண்டு முறை வேண்டாமென்று சொல்லி, மூன்றாம் முறைதான் தட்டை நீட்டுவார்கள். வந்த முதல் வாரம் மார்லிஸ் உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஹாட்டிஷ் செய்திருந்தாள். கடைசித் துண்டைக் காட்டி, “யாருக்காவது வேணுமா?” என்று மரியாதைக்குக் கேட்டாள். டுவைனும் ப்ரிட்டாவும் முதல் மறுப்பைச் சொல்லி வாய் மூடுவதற்குள், “எனக்கு வேணும்” என்று ரூலீன் எடுத்துத் தின்றே முடித்துவிட்டாள். டுவைன் காலியான பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ரொம்ப நல்லா இருக்கு. உங்க காபிதான் தண்ணி” என்று ரூலீனிடமிருந்து மார்லிஸுக்கு ஒரு சான்றிதழும் கிடைத்தது. மார்லிஸுக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஒரு கரண்டி தூள் கூடப் போட்டாள். காபி நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அக்டோபரில் டுவைனின் பிறந்தநாள். கேக்கை வெட்டியதும் எல்லோரும் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ரூலீன் அத்தோடு விடவில்லை. மார்லிஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்க வீட்டுக்காரருக்கு வாழ்த்துகள்!” என்றாள். ப்ரிட்டாவிடம் போய், “உங்க அப்பாவுக்கு வாழ்த்துகள்!” சும்மா ஏணி இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டு எல்ராயையும் விடவில்லை. “உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழ்த்துகள்!”

“நான் என்னம்மா செஞ்சேன்?” என்று எல்ராய் விழித்தார்.

“எங்க ஊர்ல இப்படித்தான். ஒருத்தருக்குச் சந்தோஷம்னா அவரைச் சேர்ந்தவங்க எல்லாருக்கும் சொல்லணும்.” சொல்லிவிட்டுக் குனிந்து நாயின் முன்காலையும் குலுக்கினாள். டுவைன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த ஒரு வாரத்துக்கு, பல் விளக்கிவிட்டு வந்தாலும், “என் பல்லுக்கு வாழ்த்துகள் சொல்லு மார்லிஸ்” என்று கேலி செய்துகொண்டே இருந்தார்.

எதைப் பார்த்தாலும் ரூலீனுக்கு உற்சாகம்தான். இலை நிறம் பார்க்க சுப்பீரியர் ஏரிப் பக்கம் காரில் போனபோது, ஒவ்வொரு மேடு வந்ததும், “நிறுத்துங்க, நிறுத்துங்க! ஏறணும்!” என்று குதித்தாள். அவள் ஊரில் மேடு என்பதே பாலம்தானாம். ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம் கை கொடுத்துத் தன் பெயரைச் சொன்னாள். “பேய் வேஷம் போட்டுட்டு எவளாவது பேரைச் சொல்லுவாளாடி?” என்று ப்ரிட்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் மேலே ஏரி. பெட்டியில் துணிக்கு நடுவே அவள் சுற்றிக் கொண்டுவந்திருந்தது ஒரு ஜோடி ஸ்கேட்ஸ், பனிக்கட்டியில் சறுக்கும் காலணி. ஐஸ் ஹாக்கி ஆடுகிற ப்ரிட்டாவுடையதைப் போலக் குட்டையானதல்ல. அடியில் கத்தி முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். “இதை வெச்சு வான்கோழி அறுக்கலாம் போலிருக்கே!” என்றாள் ப்ரிட்டா. ரூலீன் சிரிக்கவில்லை. அவள் ஊரில் இப்போதெல்லாம் குளிர் சரியாக வருவதில்லை. கால்வாய் உறைந்து ஆள் நிற்கிற அளவுக்கு ஆனது அவள் விவரம் தெரிந்து ஒரே ஒரு முறை. அந்த வாரம் பார்த்து அவளுக்கு அம்மை போட்டிருந்தது. ஊரே பனிக்கட்டியில் சறுக்கிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

“இங்கதான் ஹாக்கி அரங்கத்துல வருஷம் முழுக்க ஐஸ் இருக்கேம்மா” என்று மார்லிஸ் ஒருமுறை சமாதானம் சொன்னாள்.

“அது ஃப்ரிட்ஜ்.”

ஏரி உறைந்த புதிதில் பனிக்கட்டி கறுப்புக் கண்ணாடியாக இருக்கும், அடியில் மீன் ஓடுவதுகூடத் தெரியும். மேலே பனி பெய்துவிட்டால் போயிற்று, முரடு தட்டிவிடும், கத்தி ஓடாது. உறைவதற்கும் பனி பெய்வதற்கும் நடுவே சில வருடங்களில் ஒரு வாரம் கிடைக்கும், சில வருடங்களில் ஒரு பகல்கூடக் கிடைக்காது. நவம்பர் பிறந்தும் ரூலீன் விடாமல் கல்லெறிவதற்கு அதுதான் காரணம்.

அந்த நேரம் பார்த்துத்தான் டுவைன் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது தொண்டையைச் செருமினார். அவர் மாதக்கணக்காக ரகசியமாகத் திட்டம் போட்டது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரம் முழுக்க ஃப்ளோரிடா. கடற்கரை ஓட்டல், ராட்டினப் பூங்கா, எல்லாம். வெளிநாட்டிலிருந்து வந்த பெண் இந்தக் காட்டுக்குள் சிலிண்டர் வண்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்று அவருக்கு ஆசை. ப்ரிட்டா நாற்காலி சரிய எழுந்து கூவினாள். டுவைன் ரூலீனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நன்றி டுவைன். நான் வரலை. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க” என்றாள் ரூலீன். “அந்த வாரம்தான் ஏரி உறையும்.”

டுவைன், “ஓ, சரி சரி. அதுக்கென்ன” என்றார். தட்டைக் கழுவி வைத்தார். கராஜுக்குப் போய்விட்டார்.

மார்லிஸ் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினாள். அவளுக்குக் கோபம்தான், அந்த மனுஷன் எத்தனை ஆசையாகச் சொன்னார்! ஆனால் ரூலீன் ஒன்றுமே நடக்காத மாதிரி தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, இவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று புரிந்தது.

“அவர் மனசு உடைஞ்சுபோச்சு கண்ணு.”

ரூலீன் திடுக்கிட்டாள். “‘சரி’ன்னு சொன்னாரே!”

“அது நாங்க எதுக்கும் சொல்றது.”

“அப்போ கோபம்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?”

“கராஜ்ல விளக்கு எரியும்.”

துண்டை அப்படியே போட்டுவிட்டு ரூலீன் கராஜுக்கு நடந்தாள். மார்லிஸும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள். டுவைன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வருத்தமா இருக்கீங்களா?”

“சேச்சே. இல்லையே.”

“பொய்.”

டுவைன் ஸ்பேனரைத் திருப்பிப் பார்த்தார். “கொஞ்சம்” என்றார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை மார்லிஸ் கேட்டதில்லை.

“அப்போ நான் வர்றேன். நல்லா அனுபவிப்பேன். ஆனா நான் இல்லாதப்போ ஏரி உறைஞ்சுட்டா அழுவேன். இப்பவே சொல்லிடறேன்.”

“நியாயம்தான்” என்றார் டுவைன்.

சொன்னபடி அனுபவித்தாள். ஃப்ளோரிடாவில் ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தன் மொழியில் என்னவோ கத்தினாள். இறங்கியதும் திரும்ப வரிசையில் போய் நின்றாள். தொப்பியைக் காற்றில் பறக்கவிட்டாள், மூக்குத் தோல் உரிய வெயிலில் கிடந்தாள், முதலையைப் பார்த்து, “படத்துல பெருசா இருந்துச்சு” என்று குறைபட்டாள். ஏரியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. கடற்கரையில் கிளிஞ்சலைப் பொறுக்கி, எறிய ஓங்கி, பிறகு பையில் போட்டுக்கொண்டாள். மார்லிஸ் அதைப் பார்த்தாள்.

டுவைனோ தினமும் காலையில் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். அலைச் சத்தத்தையும் மீறி மார்லிஸுக்குக் கேட்டது.

“கரையோரம் மட்டுமா எல்ராய்? நடுவுலயுமா?... ஒரு கல்லை எடுத்து எறிஞ்சு பாரேன். சத்தம் எப்படி இருக்கு?... இல்லப்பா, சும்மாதான் கேட்டேன்.”

தேங்க்ஸ்கிவிங் அன்று ஓட்டலிலேயே வான்கோழி. வழக்கப்படி சாப்பிடுமுன் ஆளுக்கொன்றாக எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொன்னார்கள். ரூலீனின் முறை வந்தது.

“டுவைனுக்கு நன்றி. இங்க ரொம்ப நல்லா இருக்கு, நிஜமாவே. அப்புறம் எனக்கே ஒரு நன்றி. ஏரி உறைஞ்சுடுச்சான்னு இந்த வாரம் முழுக்க நான் ஒரு தடவைகூடக் கேக்கலை. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.”

டுவைன் ஒரு முழு டம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். அன்று மாலையே ஓட்டல் வரவேற்பறைக்கும் விமானக் கம்பெனிக்கும் மாறி மாறிப் பேசிவிட்டு வந்து, “எனக்கு இந்த வெயில் ஒத்துக்கலை. நாளைக்கே கிளம்பலாமா?” என்றார். ப்ரிட்டா வாயைத் திறந்தாள். மார்லிஸ் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

“எனக்கும் அலர்ஜி மாதிரி இருக்கு” என்றாள் மார்லிஸ். அவளுக்கு எந்த அலர்ஜியும் கிடையாது.

ரூலீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வெயில் ஒத்துக்கலைன்னா க்ரீம் தடவுங்களேன்” என்றாள்.

“க்ரீமும் ஒத்துக்கலை” என்றார் டுவைன்.

விமான நிலையத்திலிருந்து வடக்கே வண்டி ஓட்டும்போது வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்திருந்தது. வானொலியில் மாலைக்குள் பனி என்றார்கள். டுவைன் எங்கேயும் காபிக்கு நிறுத்தவில்லை. அவர் அப்படி ஓட்டி மார்லிஸ் பார்த்ததே இல்லை. ரூலீனுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பின் இருக்கையில் நுனியில் உட்கார்ந்துவிட்டாள். ‘பெய்யாதே, பெய்யாதே’ என்று மார்லிஸும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏரிக்காக அவள் அப்படிப் பதறுவாள் என்று யாராவது போன மாதம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிட்டு எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். ரூலீன் பையில் கைவிட்டாள், கிளிஞ்சல்தான் இருந்தது. எறிந்தாள்.

‘ப்ளக்’ இல்லை. கிளிஞ்சல் கறுப்புக் கண்ணாடிமேல் துள்ளித் துள்ளிப் போனது. ஏரி முழுக்க ஒரு குருவிக் கூட்டம் கீச்சிட்டது போலச் சத்தம் எழும்பி, எதிர்க்கரை வரை ஓடியது. ரூலீன் நின்ற இடத்திலேயே குதித்தாள். “கேட்டீங்களா! கேட்டீங்களா!”

“நில்லு, நில்லு! ஓட்டை போட்டுப் பாக்காம ஒருத்தரும் காலை வைக்கக் கூடாது” என்று டுவைன் துளைக்கருவியோடு முன்னால் போனார். வழிநெடுக எல்ராய் ஏற்கெனவே போட்டுவைத்த ஓட்டைகள் இருந்தன. இருந்தாலும் தானும் துளைத்தார், மண்டியிட்டுக் கையைவிட்டுப் பனிக்கட்டியின் கனத்தை அளந்தார். எழுந்து, கட்டைவிரலை உயர்த்தினார்.

ரூலீன் நீண்ட கத்திகளை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து, குனிந்து, ஒரு தள்ளு. அவ்வளவுதான், ஆள் இல்லை. சமையலறையில் நாற்காலியிலும் நிலையிலும் இடித்துக்கொள்கிற அந்த நெடிய பெண்ணா இது என்று மார்லிஸ் கரையோரம் வரை போய்ப் பார்த்தாள். ஏரி அவள் காலடியில் முனகியது. தூரத்தில் அவள் கத்துவது மட்டும் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மார்லிஸின் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“எப்படிப் போறா பாரும்மா!” என்று ப்ரிட்டா தன் குட்டைக் கத்திகளோடு பின்னால் பாய்ந்தாள்.

முதல் பனித்துகள் மார்லிஸின் கோட்டுக் கையில் விழுந்தது. பக்கத்தில் டுவைன் ஏரியைப் பார்த்தபடியே நின்றிருந்தார். பிறகு வலக்கைக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். மனைவியின் பக்கம் திரும்பி, ஓட்டையை அளந்ததில் இன்னும் ஈரம் காயாத கையை நீட்டினார்.

“உன் பொண்ணுக்கு வாழ்த்துகள், மார்லிஸ்” என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.