ச்சீ இல்லாத டேக்

முதலிரவுக் காட்சி வந்தால் டப்பிங் அக்கா வசனத் தாள் இருக்கும் ஸ்டாண்டை ஒரு சாண் நகர்த்திக்கொள்வார். கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளருக்கு அப்போது அவர் முகம் தெரியாது. முப்பது வருஷப் பழக்கம். ஒலிப்பதிவாளரும் கவனிக்காதவர்போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அக்காவுக்குப் பட்டப்பெயரே 'ச்சீ அக்கா'. கோபத்துக்கு ஒரு ச்சீ, செல்லத்துக்கு ஒரு ச்சீ, விளக்கை அணைக்கச் சொல்ல ஒரு ச்சீ. எத்தனையோ கதாநாயகிகள் அந்த ஒரு சொல்லில்தான் குடும்பம் நடத்தினார்கள். "அப்பல்லாம் ஹீரோயின் ஆசையை வாயால சொல்லிட முடியுமா? வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம். நான் மூச்சை இழுத்து விட்டாப் போதும், தியேட்டர்ல விசில் பறக்கும்" என்று சிரிப்பார்.

போன மாதம் டப்பிங்குக்கு வந்த படத்தில் அந்தச் சுற்றுவழியே இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமான மனைவி, கணவனை நேராகப் பார்த்து, "இன்னைக்கு எனக்கு நீ வேணும்" என்கிறாள். அவ்வளவுதான் வசனம்.

அக்கா பேசி முடித்ததும், மகள் வயதிருக்கும் பெண் இயக்குநர் நெற்றியைத் தேய்த்தாள்.

"அக்கா, முன்னாடி ஒரு 'ச்சீ' விழுது."

"நானா? சத்தியமா இல்லம்மா!"

போட்டுக் காட்டினார்கள். எறும்பளவு ச்சீ, இருக்கத்தான் செய்தது. அடுத்த நாலு டேக்கிலும் இருந்தது.

"உங்க வாய் கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரும்போல" என்றார் ஒலிப்பதிவாளர்.

இயக்குநர் சிரிக்கவில்லை. "கஷ்டமா இருந்தா வேற குரல் பாத்துக்கலாங்க்கா" என்றாள் மெதுவாக.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இந்தத் தொழிலில் ஒரு முறை 'வேற குரல்' என்று வந்துவிட்டால், அப்புறம் போன் அடிக்காது.

ஒரு வாய் வெந்நீர் குடித்தார். "ரெண்டு புள்ளை பெத்தவ, சொந்தப் புருஷனைக் கேக்குறா. இதுல ச்சீ எங்கடி வந்தது?" என்று தன்னையே கடிந்துகொண்டார். பிறகு இரண்டு விரலால் தன் உதடுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் நடிகையின் வாய் திறந்த பிறகே கையை எடுத்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோல, அத்தனை சாதாரணமாக வந்தது வசனம்.

ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்த மறந்துபோனார். "அக்கா, இதுதாங்க்கா!" என்று உள்ளே ஓடி வந்தாள் இயக்குநர்.

இந்த வாரம் வேறொரு படம். மனைவி "வேண்டாம்" என்கிறாள். அக்கா அதை ஒரே டேக்கில் பேசிவிட்டார். திரையில் கணவன் கையை எடுத்துக்கொள்கிறான். அக்கா தாளைப் புரட்டுகிறார்.