கஜானியின் வெள்ளி மடல்

கஜானி என்னைவிட நன்றாக எழுதுவாள் என்று எங்கள் பாடசாலையில் யாரும் சொன்னதில்லை. வலயமட்டக் கட்டுரைப் போட்டியில் முதலாமிடம் எடுத்தவள் நான். உயர்தரப் பரீட்சையிலும் அவளுக்கு என்னைவிடக் குறைந்த பெறுபேறுதான். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அவளுடைய எழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமை. அதை மறைத்துக்கொண்டு அவளைப் பற்றி எழுத முடியாது.

மடல் தொடங்கிய கதை சின்னது. அவளுடைய மாமாமாரும் சித்திமாரும் ஐந்து நாடுகளிலிருந்து தொலைபேசி எடுத்து, எங்கள் ஊர் சுருவிலைப் பற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். சுருவிலில் மழையோ? கிணறு ஊறிட்டுதோ? ஆர் செத்தது? ஐந்து தரம் சொல்லிக் களைத்தவள், ஒருநாள் எல்லாவற்றையும் கைபேசியில் எழுதி ஐவருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினாள். அவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்ப, அவர்கள் "எங்களையும் சேரும் பிள்ளை" என்று எழுத, அது இதழாகிவிட்டது.

அலங்காரமே இல்லாத எழுத்து. 'கேணியில் மூன்று படி தெரிகிறது.' இவ்வளவுதான். அதை வேலைக்குப் போகும் வழியில் வாசித்து அழுதேன் என்று ஒஸ்லோவிலிருந்து ஒருவர் பதில் போடுகிறார்.

வியாழக்கிழமைகளில் மடல் முதலில் எனக்கு வரும். "ஒருக்காப் பார்த்து விடடி" என்பாள். அவ்வளவு பேருக்கும் முன்னால் நான் வாசிக்கிறேன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே பெருமை.

போன மாசி மாதம் எங்கள் ஊர்ப் பெரியவர் தியாகலிங்கம் ஐயா இறந்தார். செத்தவீட்டுக்குப் போய், மூத்த மகன் சொல்லச் சொல்ல, மடலில் போடப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தாள் கஜானி. ஐந்து பெயர்கள், பக்கத்தில் நாடுகள். எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தலில் ஒரு பெயர் விடுபட்டால் அது தலைமுறைப் பகை.

"வேற பிள்ளையள் இருக்கினமே? நாங்கள் பிந்தி வந்து குடியேறின ஆக்கள், எனக்குத் தெரியாது" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். ஆறாவது சறோஜினிதேவி, என் அம்மாவோடு படித்தவர். நெடுந்தீவில் ஒரு வேதக்காரரை, கிறிஸ்தவரை, கட்டியதால் வீட்டாரால் விலக்கிவைக்கப்பட்டவர். ஆனால் அன்று காலைதான் இலண்டன் வானொலி ஒன்று கஜானியைப் பேட்டி கண்டிருந்தது. 'எழுத்தாளர் கஜானி' என்று சொன்னார்கள்.

"இல்லை, அஞ்சுதான்" என்றேன்.

ஞாயிறு காலைப் படகில் சறோஜினிதேவி மகள் நிலுஜாவோடு வந்தார். கஜானியின் வீட்டு விறாந்தையில் நானும் இருந்தேன். நிலுஜா மடலின் வாசகி.

"அப்பா செத்ததை இவளின்ர ஃபோனிலதான் பிள்ளை பார்த்தனான். அதிலயும் நான் இல்லை."

கஜானி என்னைப் பார்த்தாள். பிறகு, "என்ர பிழை அன்ரி. முழுப் பேரைச் சொல்லுங்கோ" என்றாள். கதிரையில் இருந்தபடியே ஆறு பெயர்களோடு திருத்தத்தை எல்லோருக்கும் அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் தியாகலிங்கம் ஐயாவின் மூத்த மகன் அவளுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். "ஆரைக் கேட்டு அதைப் போட்டனீர்?"

"பிள்ளையைப் பிள்ளை எண்டு போட ஆரைக் கேக்கோணும் அண்ணை?"

பதினேழு பேர் தங்களுக்கு மடல் வேண்டாமென்று நிறுத்தினார்கள். அந்த எண்ணிக்கையைக் கேட்டு எனக்கு ஒரு கணம் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தைப் பார்த்து எனக்கே பயம் பிடித்தது. அடுத்தநாள் போய்ச் சொன்னேன்.

"ஆறு பேரெண்டு எனக்குத் தெரியும். வேணுமெண்டுதான் சொல்லேல்லை."

"எனக்கு விளங்கினது" என்றாள். "எரிச்சலெண்டால் என்னோட சண்டை பிடிச்சிருக்கலாமேடி. அந்த மனுசி உனக்கு என்ன செய்தது?"



அந்த வியாழன் மடல் வரவில்லை. வெள்ளி பின்னேரம், எல்லோருக்கும் போகிற நேரத்தில்தான் எனக்கும் வந்தது. கடைசி வரியில் 'ஒப்புநோக்கியவர்: நிலுஜா, நெடுந்தீவு' என்று இருந்தது. இவ்வளவு காலமும் பிழை பார்த்துக் கொடுத்த என் பெயரை அவள் ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நிலுஜா எந்தப் பிழையைத் தவறவிட்டிருக்கிறாள் என்று பார்க்க மூன்று தரம் வாசித்தேன்.