வேலைக்கு ஆகாதவர்கள் படிக்கட்டும்

1. முதல் நாள்

நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள் பெரிய கிராணி என் கையில் கொடுத்தது ஒரு தராசு. சாக்கட்டி எங்கே என்று கேட்டேன். "அத அப்புறம் பாப்போம். மொதல்ல இத அந்தச் சட்டத்துல மாட்டு" என்று கூரையைக் காட்டினார்.

மலாயாவில் கோலா கெத்தில் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ஆபீஸில் கணக்கெழுதிக் கொண்டிருந்த பெரிய கிராணியே துரை நாற்காலியில் உட்கார்ந்து தோட்டத்தை நடத்தினார். பழைய வாத்தியார் பினாங்குக்குப் போனவர் திரும்பவே இல்லை. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரின் மகள். கான்வென்டில் கொஞ்சம் படித்திருந்தேன். சுங்கைப் பட்டாணியில் ஜப்பான்காரர்கள் நடத்திய வகுப்புக்குப் போய் நிப்போங்கோ என்கிற ஜப்பான் மொழி எழுத்தும் கற்றிருந்தேன். வேறு ஆள் கிடைக்காததால் வேலை எனக்கு வந்தது. மற்றபடி என்னிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

பெரிய கிராணி பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பேசினார். "முன்ன மாதிரி தொர பணத்துல ஓசியில ஓடுற பள்ளிக்கூடம் இல்ல இது. இனிமே யாவாரம் மாதிரி நடத்தப் போறோம். நட்டத்துல ஓடுற எதுவும் இந்த எஸ்டேட்ல நிக்காது. பள்ளிக்கூடமும் சம்பாரிக்கணும், வெளங்குதா?"

பிள்ளைகள் "வெளங்குது ஐயா" என்று கத்தின. எனக்குத்தான் ஒரு மண்ணும் விளங்கவில்லை.

2. மாவு

பள்ளிக்கூடத்தின் வியாபாரம் மரவள்ளி மாவு. பின்னால் இருந்த திடலில் மரவள்ளி போட்டோம். ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் கிழங்கைச் சீவி, துணியில் பிழிந்து, அந்தப் பாலை, ரப்பர் ஸ்டோரில் சும்மா கிடந்து எங்கள் கொட்டகைக்கு வந்த பெரிய தொட்டியில் தெளியவிடுவோம். மேலே நிற்கும் தண்ணீரை இறுத்தால் அடியில் மாவு தங்கியிருக்கும். பாயில் காயவைத்துச் சலித்து, அந்தத் தராசில் நிறுத்துக் கொடுத்தால் சுங்கைப் பட்டாணிச் சீனக் கடைக்காரத் தவுக்கே லோரி அனுப்பி எடுத்துக்கொள்வார். பதிலுக்கு அரிசி, உப்பு, கருவாடு வரும்.

நான் பொய் சொல்லமாட்டேன். அந்த மாவுதான் எங்களுக்குச் சோறு போட்டது. பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகள் வயிறு ஊதிச் செத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பிள்ளைகள் மத்தியானம் கஞ்சி குடித்தன. பெரிய கிராணி கெட்டவர் என்று யாராவது சொன்னால் அப்போது நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

கஞ்சியைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். லோரி வரும், ஆம்பளைகள் ஏறுவார்கள், அப்புறம் அவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. எங்கள் வட்டாரத்து ஜப்பான் அதிகாரி ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்: பள்ளியில் நிப்போங்கோ படிக்கிற பிள்ளைகளைத் தொடமாட்டோம். அந்த ஒரு வார்த்தைக்காகவே மீசை முளைக்கத் தொடங்கிய பையன்களைக்கூடத் தாய்மார் சிலேட்டோடு அனுப்பினார்கள்.

அப்படி வந்தவன்தான் தங்கராசு. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அஞ்சலையின் ஒரே மகன். வயதுக்கு மீறிய உயரம். அவன் அப்பா முதல் லோரியிலேயே போயிருந்தார்.

அஞ்சலை முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, இவங்கப்பா கைநாட்டு வச்சுட்டுத்தான் லோரி ஏறுனாரு. அதுல என்னா எழுதியிருந்துச்சின்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவனாச்சும் படிச்சுத் தெரிஞ்சிக்கட்டும். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நீ கவலைப்படாதக்கா. என் கையில விட்டுட்ட இல்ல?" என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன்.

3. இரண்டு பிரிவு

கொஞ்ச நாளில் பெரிய கிராணி பள்ளியை இரண்டாகப் பிரித்தார். மாவுப் பிரிவு, சிலேட்டுப் பிரிவு. காலைப் பெரட்டில் கூலிகளை வரிசையாக நிறுத்தி ஆள் பிரிப்பது போலவே பிரித்தார். யார் கிழங்கை வேகமாகச் சீவுகிறான், யாருக்குத் தொட்டியில் பதம் தெரிகிறது என்று பார்த்து அவர்களை மாவுக் கொட்டகைக்கு அனுப்பினார். கை நடுங்குகிறவன், சொறி பிடித்தவன், மூக்கொழுகிக்கொண்டு நிற்கிறவன் எல்லாரையும் என் பக்கம் தள்ளினார்.

"வேலைக்கு ஆவாததுங்கள ஒங்கிட்ட விடுறேன், டீச்சர். அதுங்க படிக்கட்டும்."

மாதாவே! உலகம் முழுக்கக் கெட்டிக்காரப் பிள்ளையைப் படிக்க வைப்பார்கள், இங்கே கெட்டிக்காரத்தனம் தெரிந்தால் புத்தகத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். தங்கராசுதான் மாவுப் பிரிவின் முதல் ஆள். தொட்டியைக் கலங்காமல் இறுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அதன் பிறகு அவன் பெஞ்சில் உட்காரவே இல்லை.

நான் ஆபீஸ் ஏறிப் போய்க் கேட்டேன். "ஐயா, தங்கராசு இன்னும் அ, ஆ தாண்டல. அவனக் கொஞ்சம் வகுப்புக்கு அனுப்புங்க."

"அவன் வகுப்புக்குப் போனா தொட்டிய யாரு பாப்பா? நீயா?"

"படிக்கத்தானய்யா அவங்கம்மா அனுப்பியிருக்கா."

"ஏம்மா, நல்ல ஆள எந்தத் தவுக்கேயாச்சும் கடைய விட்டு அனுப்புவானா? மாவு கொறஞ்சா அரிசி கொறையும். அப்ப நீதான் பிள்ளைங்களுக்குப் பதில் சொல்லணும். சொல்றியா?"

அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது, அதுதான் எரிச்சல். கடைசியில் இரக்கப்பட்டு ஒன்று கொடுத்தார்: தொட்டியில் மாவு தெளிகிற நேரம் அவன் என்னிடம் வரலாம்.

தங்கராசு ஈரக் கையோடு ஓடிவருவான். சிலேட்டு நனைந்துவிடும் என்று பாயில் காய்கிற மாவிலேயே எழுதிக் காட்டினேன். முதலில் தமிழ், அது முடிந்த பிறகுதான் நிப்போங்கோ என்று நான் முறை வைத்திருந்தேன். அவனும் விரலால் எழுதுவான். முழு மனசோடு எழுதுவான், நாக்கு வெளியே தொங்கும். "டீச்சர், எம்பேரு எப்ப வரும்?" என்று தினமும் கேட்பான். "மொதல்ல உயிரெழுத்த முடிடா தடிப்பயலே" என்பேன். சிரிப்பான்.

தவுக்கே கூடுதல் மாவு கேட்டார். இரண்டாவது தொட்டி வந்தது. ஒன்று தெளியும்போது இன்னொன்றை இறுக்க வேண்டியிருந்தது. தங்கராசு வருவது நின்றது. நான் இரண்டாம் முறையும் ஆபீஸ் ஏறினேன். "அடுத்த லோடு போவட்டும், பாப்போம்லா" என்றார் பெரிய கிராணி. அடுத்த லோடும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று.

4. பாகுஸ்

ஒரு நாள் காலையில் ஜப்பான் அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். பின்னால் ஒரு லோரி வந்து நின்றது. பெரிய கிராணி முகத்தில் கல்யாண வீட்டுக் களை. இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கிவிட்டு அதிகாரியை நேராக மாவுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அடுக்கிய மூட்டைகளைத் தட்டிக் காட்டினார். மலாயில் பேசினார். இந்தப் பள்ளி ஒரு காசும் யாரிடமும் கேட்பதில்லை, தானே சம்பாதிக்கிறது, லாபம் வருகிறது என்றார்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். சீவுகிற பிள்ளைகள், பிழிகிற பிள்ளைகள், தொட்டியருகே தங்கராசு.

"இனி செகோலா?" என்றார். இது பள்ளிக்கூடமா?

"யா, துவான்!" என்றார் பெரிய கிராணி, பெருமையாக. ஆமாம், ஐயா!

அதிகாரி எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பறைக்கு வரச் சொன்னார். கரும்பலகையில் நான் எழுதியிருந்த நிப்போங்கோ எழுத்துகளைப் பிரம்பால் தொட்டார். என் சொறி பிடித்தவனும் மூக்கொழுகியும் வேலைக்கு ஆகாத மீசைக்காரப் பையன்களும் கிளி மாதிரி வாசித்தார்கள். அவர்களை இடது பக்கம் நிற்க வைத்தார். மாவுப் பிரிவில் ஒருவருக்கும் வாசிக்க வரவில்லை. அவர்களை வலது பக்கம் தள்ளினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஐயோ, வாசிக்கத் தெரியாதவன் நிப்போங்கோ படிக்கிற பிள்ளை இல்லை என்றுதானே கணக்கு!

வலது பக்கம் நின்றவர்களில் சின்னதுகளைக் கையசைத்து ஓரம் போகச் சொன்னார். தங்கராசு மட்டும் உயரமாக நின்றான். பிரம்பு பலகையில் ஒரு எழுத்தைத் தொட்டது. அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தெரிந்ததைச் சொன்னான்.

"அ, ஆ, இ, ஈ..."

அதிகாரி இல்லை என்று தலையை ஆட்டினார். நான் பாய்ந்து நடுவில் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாயில், இவன் என் மாணவன் துவான் என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை. மாணவன் என்றால் ஏன் வாசிக்கத் தெரியவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தானே நான் ஆபீஸில் போய்ப் போய்க் கேட்டேன்!

பெரிய கிராணிக்கு அப்போதுதான் ஆபத்து உறைத்தது. பையனைக் காப்பாற்றத்தான் நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல வேலைக்காரனை எந்த முதலாளியும் இழக்க மாட்டான், சொன்னால் அதிகாரிக்கும் புரியும் என்று நம்பினார். தங்கராசின் தோளைப் பிடித்துக்கொண்டு படபடவென்று சொன்னார்.

"இனி புடாக் பாலிங் குவாட், துவான்! கெர்ஜா நொம்போர் சாத்து!"

இருப்பதிலேயே பலசாலி, வேலையில் முதல் ஆள். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். தங்கராசின் புஜத்தை அமுக்கிப் பார்த்தார்.

"பாகுஸ்" என்றார். நல்லது. லோரியைக் காட்டினார்.

தங்கராசு கையெல்லாம் மாவோடு ஏறினான். "டீச்சர், அந்த ரெண்டாந் தொட்டிய இன்னும் எறுக்கல" என்று லோரியிலிருந்து கத்தினான். அஞ்சலை பால்காட்டிலிருந்து வாளியோடு ஓடிவந்து சேர்ந்தபோது சாலையில் புழுதிதான் இருந்தது.

5. அதன் பிறகு

மறுநாள் காலையில் பெரிய கிராணி வகுப்புக்கு வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார். அந்தக் கண்ணோடு என்னிடம் கேட்டார்:

"டீச்சர், தங்கராசு எடத்துக்கு யாரப் போடலாம்?"

அவர் அழுததும் உண்மை, கேட்டதும் உண்மை. தொட்டி நிற்கக் கூடாதே! நான் தராசைக் கழற்றி அவர் காலடியில் வைத்தேன். "இனிமே எல்லாப் பிள்ளையும் மொதல்ல இங்க ஒக்காரும். வாசிச்ச பெறகுதான் கொட்டகை. இல்லன்னா நீங்களே தொட்டிய எறுத்துக்குங்க" என்றேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். அவர் தராசை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு மாவு குறைந்தது, கஞ்சி தண்ணீராயிற்று, பிள்ளைகள் என்னைத் திட்டினார்கள். ஆனால் எல்லாரும் வாசித்தார்கள்.

சில நாள் கழித்து அஞ்சலை பால்வெட்டு முடிந்து வந்து வாசலில் நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"டீச்சரம்மா, நானும் கடேசி பெஞ்சில ஒக்காந்துக்கட்டா? பய பாதி எழுத்துக் கத்துக்கிட்டான்ல, எப்பயாச்சும் எழுதிப் போடுவான். அத யாரு எனக்குப் படிச்சுக் காட்டுறது?"

அவள் உட்கார்ந்தாள். உயிரெழுத்து, மெய்யெழுத்து, எல்லாம் முடித்தாள். ஜப்பான் சண்டையும் முடிந்தது. கடிதம் வரவில்லை, தங்கராசும் வரவில்லை.

பிறகு நான் கெடாவில் பல பள்ளிகளில் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். போன மாதம் ஒரு பள்ளிக் கூட்டத்தில் கோட்டுப் போட்ட தம்பி ஒருவர், அரசாங்கப் பள்ளிகளைக் கம்பெனி மாதிரி நடத்தினால்தான் உருப்படும் என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், வீண் செலவைக் குறையுங்கள், அதெல்லாம் நானும் செய்தவள்தான். ஆனால் நல்ல ஆளை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் வியாபாரத்தின் புத்தி. பள்ளிக்கூடம் நல்ல பிள்ளையை நாலு எழுத்தோடு வெளியே அனுப்பத்தான் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகிற வரைக்கும் கஞ்சி கிடைக்கும். ஒத்துப்போகாத நாளில் யார் லோரி ஏறுவது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரே ஒரு பழக்கம்தான். எந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலும் முதல் நாள் ஒன்று கேட்பேன்: இங்கே எதற்கெடுத்தாலும் ஓடி ஓடி வேலை செய்கிற நல்ல பிள்ளை யார்? எல்லாரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். தேநீர் வாங்கப் போகும், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும், மணி அடிக்கும், கூட்டிப் பெருக்கும் பிள்ளை. அதைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன். அது திக்கினால், அதன் கையிலிருக்கிற விளக்குமாற்றை வாங்கி, யார் அந்தப் பிள்ளையை அதிகம் புகழ்ந்தாரோ அவர் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைப்பேன். ஒரு பள்ளியில்கூட விளக்குமாறு கை மாறாமல் இருந்ததில்லை.